அரைக் கட்டை இறக்கிய காலை

என் பழைய குறிப்பேட்டில் 1931 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை என்ற தேதியின்கீழ் மூன்று வரிகள்தான் இருக்கின்றன: “மழை விட்டது. ஆறரைக் கட்டை எழவில்லை. பா. இரண்டு தடவை பாடினாள்.” முதல் இரண்டு வரிகள் பென்சில், மூன்றாவது மை. பென்சில் வரிகளைக் கல்லூரியிலும் மை வரியை வீட்டிலும் எழுதியிருப்பேன். மை புட்டியை நான் வெளியே எடுத்துப்போகும் வழக்கம் இல்லை.

இந்த ஆண்டு இசை வகுப்புகளை ஏற்றிருக்கும் உங்களில் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: தேர்வு நடக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் நிறுத்திவிடுவதா, சமாளித்துக்கொண்டு போவதா? ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வரி என்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியாமல் அது உங்களுக்கு உதவாது. அதனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு வயது இருபது. மலாய்க் கரையை ஒட்டிய எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்று பலகையில் இருந்தாலும், இன்றைய கணக்கில் அது மேல்வகுப்பும் ஆசிரியர் பயிற்சியும் கலந்த ஓர் இடம். அங்கே இசையை மட்டும் படிக்க யாரையும் விடமாட்டார்கள். வரலாறு, ஆங்கில இலக்கியம், தாவரவியல் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் இசை. ஒரு மணி நேரம் இலையின் நரம்புகளை வரைந்துவிட்டு, அடுத்த மணியில் அதே பென்சிலால் ஐந்து கோடு போட்டு சுரம் எழுதுவோம். எதைச் சொன்னாலும் “எந்தத் தேதி, யார் சொன்னது” என்று கேட்கிற பழக்கம் வரலாற்று வகுப்பில் தொற்றியது. இன்னும் போகவில்லை.

எங்கள் இசை ஆசிரியை ஐரோப்பிய சங்கீதம் கற்றுக்கொடுத்த தமிழ்ப் பெண்மணி. பெயரை எழுத அவர் விரும்பமாட்டார் என்பதால் ‘டீச்சர்’ என்றே குறிப்பிடுகிறேன். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை இங்கிலாந்திலிருந்து ஒரு தேர்வாளர் கப்பலில் வருவார். ஊர் ஊராகப் போய்ப் பாடச் சொல்லியும் வாசிக்கச் சொல்லியும் கேட்டுவிட்டு அடுத்த கப்பலில் போய்விடுவார். அவர் போய்விட்டால் அடுத்த ஆண்டுதான்.

இங்கே கட்டை என்ற சொல்லை விளக்க வேண்டும். உங்களில் சிலர் பியானோவோடு மட்டும் வளர்ந்தவர்கள். நம் பாடகர்கள் தங்கள் சுருதியை ஹார்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்வார்கள். வெள்ளைக் கட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். நடுவில் கறுப்புக் கட்டை இருந்தால் அது அரை. கல்லூரியில் ஈ-ஃபிளாட் என்று படித்தது எங்கள் வீட்டில் இரண்டரைக் கட்டை. பி-ஃபிளாட், ஆறரைக் கட்டை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சித்தப்பா பஜனை வைப்பார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு நான்கு, சளி பிடித்தவருக்கு அன்றைக்கு மட்டும் ஒன்றரை. நான் ஒன்பது வயதிலிருந்து ஹார்மோனியப் பெட்டி வாசித்தவள். பாடுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் இழுப்பு இழுப்பார். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே என் விரல் போய்விடும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். நான் செய்த தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பாக்கியம் என் வகுப்புத் தோழி. பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோப்பில் அவளுடைய அண்ணன் கிராணியாக இருந்தார், அதாவது கணக்கும் ஆள் வருகையும் பார்க்கும் எழுத்தர். அப்பா இல்லை. தோப்புக் கோயிலில் பெட்டி கூட இல்லாமல் தேவாரம் பாடி வளர்ந்தவள் அவள். கல்லூரிக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலப் பாட்டையும் சுத்தமாகப் பாடினாள். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் ஒரு பெண்கள் பள்ளி அவளை ஜனவரியில் பாட்டு ஆசிரியையாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை: இந்த ஆண்டுச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் வேலை வேறு ஒருத்திக்கு. பாக்கியத்தை வீட்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குத்தான் விட்டிருந்தார்கள். மூன்றாம் ஆண்டு என்ற பேச்சே கிடையாது. திரும்பிப் போனால் மாப்பிள்ளை பார்ப்பார்கள், பாட்டு அதோடு சரி. இதை அவள் அழுது சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளுடைய பாட்டுத் தேர்வுக்குப் பியானோ வாசிக்க வேண்டியவள் நான். என் சொந்தப் பியானோத் தேர்வு காலை பத்து மணிக்கு; அது முடிந்துவிட்டது. அவளுக்குப் பதினொன்றரை, அன்றைக்குக் கடைசி. தேர்வாளர் மூன்று மணிக்கு ரங்கூன் கப்பலைப் பிடிக்க வேண்டும். செவ்வாயிலிருந்து மூன்று நாள் விடாத மழை. பாக்கியத்துக்கு ஜலதோஷம். தேர்வுக்காக அண்ணன் அன்று காலை முதல் பேருந்தில் வந்து, மாடித் தாழ்வாரத்தில் எங்களோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஜாதிக்காய் ஊறல், அதாவது ஊறவைத்த துண்டுகள், ஒரு பொட்டலம்.

“வாயில போட்டு அடக்கிக்க. தொண்டைக்கு நல்லது.”

பாக்கியம் ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். “இது மருந்தாண்ணே, இல்ல தண்டனையா?”

“பேசாத. நீ பேசிப் பேசித்தான் தொண்ட போச்சு.”

“ஊமையா போய் நின்னா தொர பாஸ் போடுவாரா?”

“தங்கச்சி, நீயாவது சொல்லும்மா,” என்று என்னிடம் திரும்பினார் அவர். “வீட்டுலயும் இப்படித்தான். வாய மூடினா தூங்கிட்டான்னு அர்த்தம்.”

“அண்ணே, அவ பாடற வரைக்கும் நீங்க பேசாம இருந்தாலே போதும்,” என்றேன். பாக்கியம் ஊறல் புரையேறச் சிரித்தாள். டீச்சர் வந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பிறகு பாக்கியம் என் காதருகே வந்து சொன்னாள்: “மேல ஒரு எடம் வருதுல்ல, அது இன்னிக்கு சந்தேகம். தொட்டா தொடுவேன், இல்லன்னா கீறும்.” அந்தப் பாட்டு ஓர் ஆறு கடலுக்குப் போவதைப் பற்றியது. கடைசிக்கு முந்தைய அடியில் குரல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று இறங்கும். சந்தேகம் அந்த இடத்தில்தான்.

உள்ளே போனோம். தேர்வாளர் மெலிந்த மனிதர். வெயிலில் கழுத்து சிவந்து, காலருக்குள் கைக்குட்டை செருகியிருந்தார். முகத்தில் கடுமை இல்லை, களைப்பு இருந்தது. பாட்டின் அச்சுப் பிரதியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

பாட்டு ஈ-ஃபிளாட்டில், அதாவது இரண்டரைக் கட்டையில். குரல் சேர்வதற்குமுன் பியானோ மட்டும் நாலு வரிசை வாசிக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் ஆறரைக் கட்டையை அழுத்தினேன். கீழே போன கட்டை எழவில்லை. மழையில் மரம் ஊறியிருக்க வேண்டும். நகத்தால் தூக்கிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி கீழேயே நின்றது. அந்தப் பாட்டில் ஆறரைக் கட்டை வராத வரிசையே இல்லை என்று சொல்லலாம். நிறுத்தினேன்.

“ஏதாவது சிரமமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் தேர்வாளர்.

“ஒன்றுமில்லை, ஐயா,” என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த காரியம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கட்டை கெட்டது என் குற்றமில்லை. அடுத்து நான் செய்ததுகூட, சொல்லிவிட்டுச் செய்திருந்தால், குற்றமாகியிருக்காது. கேட்டவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னது மட்டும் முழுக்க என்னுடையது.

ஏன் சொன்னேன்? பியானோ கெட்டுவிட்டது என்றால் தேர்வு நின்றுவிடும், கப்பல் போய்விடும், பாக்கியம் பாலிக் புலாவுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டு மூச்சு நேரம் இருந்திருக்கும். அதற்குள் விரல் வேறு வழி கண்டுவிட்டது. பாட்டை அப்படியே அரைக் கட்டை நகர்த்தினால் ஆறரைக் கட்டை தேவைப்படாது. மேலே நகர்த்துவது வாசிப்பவளுக்குச் சுலபம், தாளில் உள்ள சுரங்களை அதே இடத்தில் படித்துக் குறிகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உச்சி இன்னும் அரைக் கட்டை ஏறும். கீழே நகர்த்தினால் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு படி இறக்கிப் படிக்க வேண்டும், பாடுபவளுக்குச் சுலபம். வெள்ளிக்கிழமை பெட்டி வாசித்த கைக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தொண்டை கெட்டவருக்குச் சுருதி இறங்கும். இரண்டு கட்டையில் ஆரம்பித்தேன்.

முதல் வரிசையிலேயே பாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பாதிக் கண்ணால் பார்த்தாள். பிறகு பாடினாள். உச்சியில் சுத்தமாக நின்று இறங்கினாள். தேர்வாளர் எழுதினார், நன்றி சொன்னார், நாங்கள் வெளியே வந்தோம்.

தாழ்வாரத்தில் எனக்குக் கால் தரையில் இல்லை. டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: “டீச்சர், ஆறரைக் கட்டை மாட்டிக்கிச்சு. நான் பாட்டையே அரைக் கட்டை எறக்கிட்டேன். அவருக்கு ஒண்ணுமே தெரியல.”

பாராட்டுவார் என்று நின்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “யாருகிட்ட கேட்டு எறக்கின?”

“கேக்கணுமா டீச்சர்?”

“தேர்வு விதி படிச்சியா, இல்ல பாட்ட மட்டும் படிச்சியா? அச்சடிச்ச சுருதியிலதான் பாடணும். மாத்தணும்னா மொதல்லயே அவர்கிட்ட சொல்லி அனுமதி வாங்கணும். இல்லன்னா பாடினது செல்லாது. வாசிச்சவளோட தேர்வையும் சேத்து விசாரிப்பாங்க. இது உங்க சித்தப்பா வீட்டுப் பஜனை இல்ல, தனம்.”

விதித்தாளை நான் படித்திருந்தேன். அந்த வரியைத் தாண்டியும் போயிருந்தேன். அது சாவி காணாமல் போனால் என்ன செய்வது என்பது போன்ற ஒரு வரியாக எனக்குத் தோன்றியிருந்தது. சுருதியை இறக்குவது ஒரு ‘மாற்றம்’ என்பதே என் மண்டையில் ஏறவில்லை. ஐரோப்பியத் தோழி யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், கட்டை எழாத உடனே கையைத் தூக்கியிருப்பாள். எங்களைப் போல இரண்டு சங்கீதத்துக்கும் பிள்ளையாக இருப்பவர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்வோம். உங்களில் பலரும் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. “அரைக் கட்டைன்னா எவ்வளவு?”

பாக்கியம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு நூல் இடைவெளி காட்டினாள்.

“இவ்வளவுக்கா ஒரு வருஷம்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தொரதான் ஒண்ணும் கேக்கலியே. நீங்களா எதுக்கு வாயத் தொறக்கணும்? சும்மா இருங்க லா. ஒரு மணி நேரத்துல கப்பலுக்குப் போயிடுவாரு,” என்றார்.

டீச்சர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “நான் போய்ச் சொன்னா அது கல்லூரி சொன்னதா ஆயிடும். அப்பறம் உங்க கையில ஒண்ணும் இருக்காது. அவரு டீ குடிச்சிட்டு இருக்காரு. பத்து நிமிஷம் இருக்கு.” சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் தப்பித்துக்கொண்டதாக அன்று எனக்குக் கோபம் வந்தது. நான் ஆசிரியையான பிறகுதான் அந்தப் பத்து நிமிடத்தை எங்களுக்கு விட்டுத்தர அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று புரிந்தது.

எனக்கு ஒரே பரபரப்பு. தவறு செய்தவள் நான், நானே போய்ச் சொல்லிவிட வேண்டும். கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். பாக்கியம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க போற?”

“சொல்லிடறேன் பாக்கியம். என் தப்புதானே.”

“என்னைக் கேக்காமத்தான் எறக்கின. இப்ப என்னைக் கேக்காமலே போய்ச் சொல்லவும் போறியா?”

நான் நின்றுவிட்டேன். முப்பது ஆண்டு ஆசிரியை வேலையில் பல கூட்டங்களில் பல அறிவுரைகள் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் அந்த ஒரு கேள்விக்குக் கிட்ட வராது. முதல் தடவை அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை என் மனத்தைச் சுத்தப்படுத்தப் போனேன். இரண்டிலும் பணயம் அவளுடைய பாகான் டாலாம் வேலை. இரண்டிலும் அவளை நான் கேட்கவில்லை.

“சரி, கேக்கறேன்,” என்றேன். “சொல்லட்டுமா, வேண்டாமா?”

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே முற்றத்தில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

“பாக்கியம், யோசிச்சுப் பேசு. இது போச்சுன்னா மறுபடி அம்மாவ நான் சமாளிக்க முடியாது.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சா என்ன பேச்சு?”

“அண்ணே, நான் தொடணும்னு பயந்துகிட்டு இருந்த எடத்த இன்னிக்கி நான் தொடவே இல்ல. அதுக்கு அரைக் கட்டை கீழதான் பாடினேன். அவரு தொட்டேன்னு எழுதியிருக்காரு. அங்க போய் நாப்பது புள்ளைங்களுக்கு முன்னால நின்னா, அதுல ஒண்ணு எதையாவது பாடாமலே பாடினேன்னு சொல்லும். நான் என்னன்னு திட்டறது?” என்னைப் பார்த்தாள். “போலாம் வா. மொதல்ல நீ பேசு. கட்டை எழலன்னு சொல்ல வேண்டியது நீதான். அப்பறம் நான் பேசறேன்.”

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “ரெண்டு பேரும் சேந்து என்னை பஸ் ஏத்தப் போறீங்க,” என்றார்.

உள்ளே தேர்வாளர் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். கட்டை எழவில்லை என்றேன். நீங்கள் கேட்டபோது ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன் என்றேன். அரைக் கட்டை இறக்கி வாசித்தேன், இவளுக்கு முன்கூட்டித் தெரியாது என்றேன். என் ஆங்கிலம் அன்று நொண்டியது.

முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது அல்ல. “ஏன் இறக்கினீர்கள்? ஏற்றியிருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்குமே.”

“இவளுக்குத் தொண்டை சரியில்லை, ஐயா.”

“மாற்றி எழுதிய தாள் இல்லாமல் எப்படி வாசித்தீர்கள்?”

“எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் செய்வது.”

அவர் எழுந்து போய்ப் பியானோவின் முன் உட்கார்ந்தார். ஆறரைக் கட்டையை ஒரு விரலால் அழுத்தினார். அது கீழேயே கிடந்தது. தூக்கிவிட்டு இன்னொரு தடவை அழுத்தினார். மறுபடி கிடந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இப்போது பாக்கியம் பேசினாள். முன்பே மனப்பாடம் செய்ததுபோல் ஒரே மூச்சில் சொன்னாள்: “ஐயா, நான் அச்சிலுள்ள சுருதியில் பாடவில்லை. நேரம் இருந்தால் பாடுகிறேன். இல்லையென்றால் நான் பாடவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது, குறித்து வைக்கவில்லை. பிறகு சொன்னார்: “இன்று தேர்வு எழுதுவது பியானோ இல்லை. துணை வாத்தியம் இல்லாமல் பாட முடியுமா?”

பாக்கியம் தலையசைத்தாள். அவர் இரண்டரைக் கட்டையை ஒரே ஒரு தடவை வாசித்தார். அந்த ஒலி அடங்கும்வரை பாக்கியம் காத்திருந்தாள். இடது கையால் காதைப் பொத்திக்கொண்டாள், கோயிலில் நிற்பதுபோல. பாடத் தொடங்கினாள்.

துணை இல்லாமல் பாடுகிறவர்கள் பெரும்பாலும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிவார்கள். பாடுகிறவருக்கே தெரியாது. முடிக்கும்போது தொடங்கிய இடத்தில் இருக்கமாட்டார்கள். தொண்டை கெட்டிருந்தால் சரிவு இன்னும் கூடும். நான் கதவோரம் நின்றுகொண்டு மனத்துக்குள் இரண்டரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் அடி, இரண்டாவது அடி, சரியவில்லை. உச்சி வந்தது. தொட்டாள். தொட்ட இடத்தில் குரல் நூலளவு கீறியது, ஆனால் நின்றது. பிறகு இறங்கினாள். ஆறு கடலில் சேர்ந்தது. கடைசிச் சுரத்தை நீட்டி விட்டாள்.

தேர்வாளர் திரும்பிப் பார்க்காமலே இரண்டரைக் கட்டையை மறுபடி அழுத்தினார். பியானோவின் ஒலியும் அவள் விட்ட ஒலியும் ஒன்றாக இருந்தன. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. பெட்டி இல்லாத கோயிலில் வளர்ந்தவளுக்குப் பெட்டி இல்லாதது ஒரு குறையே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறரைக் கட்டை கெட்டதும் நான் பயந்தேனே, அந்தப் பயமே வேண்டியிருக்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

அவர் மேசைக்கு வந்தார். முன்பு எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் வேறு எழுதினார். கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை. பாக்கியத்துக்கு நன்றி சொன்னார். என்னிடம், “அடுத்த முறை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் நேரம் மிச்சம்,” என்றார். அவ்வளவுதான். என் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பேட்டை எடுத்தேன். இரண்டு வரிக்கு மேல் பென்சில் ஓடவில்லை.

டீச்சர் படிப் பக்கத்திலிருந்து வந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாக்கியத்தின் தோளைத் தட்டினார். “மேல கீறிடுச்சு,” என்றார்.

“தெரியும் டீச்சர்.”

“அச்சிலுள்ள எடத்துல கீறிச்சு. பரவால்ல.”

அண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “பாஸா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க.”

“தெரியலண்ணே. ஆனா பாடிட்டேன்,” என்றாள் பாக்கியம். “ஐஸ் சர்பத் வாங்கிக் குடு. இனிமே இந்தத் தொண்ட யாருக்கு வேணும்?”

வாங்கிக் கொடுத்தார். மூன்று பேரும் தெருவோரம் நின்று பல் கூசக் குடித்தோம். மூன்று நாளுக்குப் பிறகு அன்று வெயில் அடித்தது. பாஸா பெயிலா என்று தெரியாமலே, பெரிய சுமையை இறக்கி வைத்தவர்கள்போல ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தோம். அண்ணன்கூடச் சிரித்தார். மூன்று மணிக்குக் கப்பல் சங்கு கேட்டபோது, “தொர போயிட்டாரு, இனிமே மாத்த முடியாது,” என்றார். அது கவலையா நிம்மதியா என்று அவர் குரலில் தெரியவில்லை. எனக்கு நிம்மதி.

முடிவுகள் நவம்பர் இரண்டாம் வாரம் தபாலில் வந்தன. பாக்கியம் தேறியிருந்தாள். நானும். அவளுடைய தாளில் ‘துணை வாத்தியமின்றி, அச்சிட்ட சுருதியில்’ என்று கையால் ஒரு வரி சேர்த்திருந்தது. 1932 ஜனவரி 4, திங்கட்கிழமை காலை, அவளைப் படகுத்துறையில் ஏற்றிவிட்டேன். பாகான் டாலாமில் இருபத்தாறு ஆண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். இன்றும் நல்ல குரல். இன்றும் வாய் மூடுவதில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் ஒரு வரி இது: நிறுத்தலாம், சமாளிக்கவும் செய்யலாம்; எதுவானாலும் பணயம் யாருடையதோ அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்கிறவருக்கு உள்ளதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மூச்சு நேரத்தில் அது நினைவுக்கு வர வேண்டும், அதுதான் கஷ்டம்.

இதை எழுதுவதற்காக அன்றைய வரிசைத் தாளைத் தேடி எடுத்தேன். டீச்சர் கையெழுத்தில் உள்ளது, எப்படியோ என் வரலாற்றுக் குறிப்புகளுக்கு நடுவில் தங்கியிருந்தது. இத்தனை ஆண்டும் என் நினைவில் அன்று நானும் பாக்கியமும் மட்டும்தான் இருந்தோம். தாளில் வேறு மாதிரி இருக்கிறது. எனக்குப் பத்து மணி, பாக்கியத்துக்குப் பதினொன்றரை, நடுவில் பதினொரு மணிக்கு ஒரு பெயர். வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு சீனப் பெண், பியானோத் தேர்வு. அதே அறை, அதே பியானோ. நான் வாசித்த பத்து மணிக்குக் கட்டை சரியாக இருந்தது, அது நிச்சயம். பதினொன்றரைக்கு எழவில்லை, அதுவும் நிச்சயம். அவள் வாசித்தபோது எப்படி இருந்தது?

பாக்கியத்திடம் கேட்டேன். உள்ளே வாசிப்பு ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியதாக ஞாபகம் என்றாள். பிறகு, அது நாங்களே நிறுத்தினதாகவும் இருக்கலாம் என்றாள். அந்தப் பள்ளிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். போர்க்காலத்தில் பதிவேடுகள் போய்விட்டன என்று பதில் வந்தது. முடிவுத் தாளில் எங்கள் கல்லூரிப் பெயர்கள் மட்டும்தான். ஆகவே அந்தப் பெண்ணின் கையிலும் ஆறரைக் கட்டை எழாமல் கிடந்ததா, கிடந்திருந்தால் அவள் சொன்னாளா, அவள் தேறினாளா என்பது இந்தத் தேதிவரை உறுதி செய்யப்படவில்லை.